கொழுப்பு போதவில்லை

ஊரில் எல்லோரும் அவளை டிகிரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டியவளுக்கு அந்தப் பெயர் கேலியாகத்தான் வந்தது. பால் குளிரூட்டும் நிலையத்தில் காலையும் மாலையும் ஒவ்வொருவர் பாலிலும் அடர்த்தி காட்டும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, "இருபத்தெட்டு டிகிரி", "இருபத்தொன்பது டிகிரி" என்று அவள் சத்தமாகச் சொல்வாள். நகரத்துத் தொழிற்சாலைக்குப் பால் ஏற்றிப் போகிற டேங்கர் டிரைவர் அதைக் கேட்டுவிட்டு, "காலேஜ் வாசலை மிதிக்காமலே தினம் நூறு டிகிரி வாங்குறது நம்ம அக்கா ஒருத்திதான்" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டாள்.

நிலையம் வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. கடல் தாண்டிய ஒரு நாட்டின் அரசாங்கம் உதவித் திட்டத்தில் கட்டிக் கொடுத்தது. இரண்டாயிரம் லிட்டர் எவர்சில்வர் தொட்டி, ஜெனரேட்டர், பால் பரிசோதிக்க ஒரு சின்ன அறை, எழுபது பெண்களுக்குத் தலைக்கு ஒரு கலப்பினப் பசு. தொட்டியின் மேல் அந்த நாட்டுக் கொடி போட்ட தகடு ஒன்றைத் திருகி வைத்திருந்தார்கள். திறப்பு விழா மேடையில் 'நீடித்த வளர்ச்சி' என்று பெரிய எழுத்தில் துணி கட்டியிருந்தது. நீடித்த என்றால் என்ன என்று அவள் பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டாள். "நாங்க போன பிறகும் நடக்கணும், அதுதான்" என்றார் அவர். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது.

அவளுக்கு அங்கே பரிசோதகர் வேலை. அவள் புருஷனுக்கு ஜெனரேட்டர் பார்க்கிற வேலை. பேச்சுக் குறைந்த மனிதர். மோட்டார் சத்தத்தில் யாருக்கும் காது கேட்காது என்பதால் அந்த வேலை தனக்குத் தோதானது என்று சொல்லிச் சிரிப்பார். அவருடைய தங்கை, அதாவது அவளுடைய நாத்தனார், மூன்று தெரு தள்ளி இருந்தாள். நாத்தனாரின் கணவன் வெளியூர் வேலைக்கென்று போனவன், போனவன்தான். பதினோரு வயதுப் பெண் ஒன்று, திட்டத்தில் வந்த பசு ஒன்று, அது போட்ட கிடாரி வளர்ந்து இன்னொரு பசு. இவ்வளவுதான் அவள் குடித்தனம்.

பால் பார்ப்பதில் டிகிரி அக்காவிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. கண்ணாடிக் குழாயில் அமிலத்தை விட்டு, அதன் மேல் பாலை ஊற்றி, எட்டெட்டுக் குழாயாகச் சுற்றும் இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி எடுத்தால் கொழுப்பு மட்டும் மேலே மஞ்சள் பட்டையாக நிற்கும். அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அளவு பார்ப்பாள். மூன்றரை சதவீதத்துக்கு மேல் இருந்தால் பால் தொட்டிக்குப் போகும், இல்லையென்றால் கேனோடு திரும்பும். அமிலம் தெறித்து அவளுடைய வெள்ளை மேலங்கி பூராவும் பொடிப்பொடியாய் ஓட்டை. திறந்த முதல் வருஷம் நாத்தனார் ஒருநாள் பாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து கொண்டுவந்தபோது, அத்தனை பேர் முன்னாலும் அந்தக் கேனைத் திருப்பி அனுப்பினாள். நாத்தனார் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து டிகிரி அக்கா சொன்ன அளவை ஊரில் ஒருவரும் மறுத்துப் பேசியது கிடையாது. சொந்தத்துக்கே விட்டுக்கொடுக்காதவள் நமக்கா பொய் சொல்லப்போகிறாள் என்ற நம்பிக்கை. வரிசையில் நிற்கிற பெண்கள் குழாயை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஒன்பதாம் வருஷம் பாதியில் டேங்கர் டிரைவர் ஒரு சேதி கொண்டுவந்தார். தொழிற்சாலைக் கிடங்கில் பால் பவுடர் மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருக்கிறதாம். இரண்டு அரசாங்கங்களும் ஏதோ வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பவுடர் மேல் இருந்த இறக்குமதி வரியை எடுத்துவிட்டார்களாம். பவுடரைத் தண்ணீரில் கரைத்து விற்பது, ஊர் ஊராகப் பால் வாங்குவதைவிடச் சல்லிசாக முடிகிறதாம்.

"மூட்டை மேல என்ன கொடி போட்டிருக்கு தெரியுமாக்கா?" என்றார் டிரைவர், தொட்டித் தகட்டைக் கண்ணால் காட்டி. "இதேதான். ஒரு கையால பசுவைக் கொடுத்துட்டு இன்னொரு கையால பவுடரைக் கொடுக்குறாங்க."

அவள் சிரித்தாள். டிரைவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்கவேண்டும் என்பது ஊர் வழக்கம்.

அடுத்த வாரம் நிலையத்து மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கெட்ட மனிதர் இல்லை. அவளை ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. அன்றைக்கு மேசைமேல் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தார். தொழிற்சாலையிலிருந்து போன் வந்ததாகச் சொன்னார். இனிமேல் வருகிற பாலில் பாதிக்கு மேல் வேண்டாமாம். வாங்கமாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லவும் முடியாதாம். மூன்றரைக்கு மேல் இருக்கிற பாலையெல்லாம் பத்து வருஷத்துக்கு வாங்குவதாக உதவி கொடுத்த நாட்டோடு ஒப்பந்தம் இருக்கிறது. தரம் போதவில்லை என்று திருப்பினால் மட்டும்தான் கேள்வி வராது.

"நான் என்ன சார் பண்ணணும்?" என்றாள், புரிந்துகொண்டே.

"நீங்க எழுதுறதுதானேம்மா அளவு."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அவரே, நிலையத்தை ஒரேயடியாக மூடிவிடலாம் என்றுதான் மேலே பேச்சு நடந்தது, பாதியாவது ஓடட்டும் என்று கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்திருக்கிறேன், மூடினால் உங்கள் வேலை, உங்கள் வீட்டுக்காரர் வேலை, என் வேலை எல்லாம் ஒரே நாளில் போகும் என்றார். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இதை யாரிடமும் மூச்சு விடக்கூடாது, இரண்டு மூன்று மாதத்தில் நிலைமை மாறிவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை முதல் எட்டுக் குழாயை எடுத்தாள். எல்லாமே மூன்றரைக்கு மேல். மூன்று புள்ளி ஆறு, மூன்று புள்ளி ஏழு, ஒன்று மட்டும் முழு நாலு. எந்த நாலு பேர் பாலைத் திருப்புவது என்று அவள் கை குழாய்களுக்கு மேல் அலைந்தது. கடைசியில், இரண்டு பசு வைத்திருப்பவர்களைத் திருப்பினால் ஒரு பசு வைத்திருப்பவர்கள் பிழைப்பார்கள் என்று ஒரு கணக்குப் போட்டாள். அதைவிட நியாயமாக அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் கணக்கில் நாத்தனார் விழுந்தாள். பதிவேட்டில் மூன்று புள்ளி இரண்டு என்று எழுதி, காரணம் எழுதுகிற இடத்தில் 'கொழுப்பு போதவில்லை' என்று எழுதினாள். கையெழுத்து கோணாமல் வந்தது. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

நாத்தனார் கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். தீவனத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். பிண்ணாக்கை மாற்றினாள். பசும்புல்லுக்காக ஆற்றங்கரை வரை நடந்தாள். நான்காம் நாள் பசுவை ஓட்டிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போய், மாட்டுக்கு என்ன வியாதி என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார் அவர். இரண்டாம் வாரம், சாயங்கால வரிசையில் எல்லோரும் நிற்கும்போது கேனை நங்கென்று தரையில் வைத்தாள்.

"என் மாட்டுக்குக் கொழுப்பு கம்மியில்ல அண்ணி. இங்க இருக்கிற சிலபேருக்குத்தான் கொழுப்பு ஏறிப்போச்சு."

வரிசையில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். டிகிரி அக்கா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. மாதம் ஏற ஏற, திரும்புகிற கேன்கள் கூடின. பாதி என்றது முக்கால் ஆனது. ஒரு பசு வைத்திருப்பவர்களையும் அவள் தொடவேண்டி வந்தது. பெண்கள் முதலில் தங்கள் மாட்டைச் சந்தேகப்பட்டார்கள், அப்புறம் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். அவளைச் சந்தேகப்பட அவர்களுக்கு ரொம்ப நாள் பிடித்தது. ஒன்பது வருஷ நம்பிக்கை லேசில் கழலாதே. யாரோ ஒருத்தி தன் மாட்டைக் குடும்பத்தோடு சேர்ந்து திட்டுவதைத் தெருவில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த அன்று, அவள் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தாள். புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார், கை எப்போதோ சுத்தமாகிவிட்ட பிறகும். "என் தங்கச்சிகிட்ட நான் சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம், வெளியே தெரிந்தால் உடனே மூடிவிடுவார்கள், இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று அவள்தான் தடுத்தாள்.

அவள் பொய் எழுதத் தொடங்கிய எட்டாம் மாதம், உதவி கொடுத்த நாட்டிலிருந்து மதிப்பீடு செய்ய ஆட்கள் வருவதாகத் தகவல் வந்தது. திட்டம் நீடித்து நிற்கிறதா என்று பார்க்கிறவர்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அன்று ஒரு நாள் மட்டும் உண்மையான அளவை எழுதும்படி மேனேஜர் சொல்லிவிட்டார். ஆக அன்று காலை எல்லார் பாலும் தொட்டிக்குப் போனது. நாத்தனார் தன் பால் ஏறுவதைப் பார்த்துவிட்டு, சந்தோஷப்படாமல், அண்ணியின் முகத்தையே பார்த்தாள்.

வந்தவர்களில் பெரியவர் தலை நரைத்த ஒரு வெள்ளைக்கார அம்மாள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கேன் கழுவுகிற இடம் வரை போய்ப் பார்த்தார். தொட்டியைத் தட்டிப் பார்க்கவில்லை, போட்டோவுக்கு நிற்கவில்லை. நேராகப் பரிசோதனை அறைக்கு வந்து, பதிவேட்டை வாங்கி, பின்னோக்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கூட வந்த மொழிபெயர்ப்பாளப் பெண் வழியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். இன்றைக்கு அறுபத்திரண்டு பேரில் ஒருவர் பாலும் திரும்பவில்லை. நேற்று நாற்பத்தைந்து பேர் பால் திரும்பியிருக்கிறது. ஒரே நாளில் பசுக்களுக்கு என்ன ஆனது?

மேனேஜர் அந்த நேரம் இன்னொருவருக்கு ஜெனரேட்டரைக் காட்டப் போயிருந்தார். இத்தனை மாதத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"பசுவுக்கு ஒண்ணும் ஆகலைங்க. நான்தான் பொய்யா எழுதினேன்" என்றாள்.

மொழிபெயர்ப்பாளப் பெண் ஒரு நொடி தயங்கினாள். அப்புறம் சொன்னதை அப்படியே சொன்னாள். டிகிரி அக்கா மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டினாள்: போன் வந்தது, பவுடர் மூட்டை, அதன் மேல் இருக்கிற கொடி. கொடியைச் சொன்னபோது அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். அவர் நம்பினார், அது முகத்திலேயே தெரிந்தது. பவுடர் விஷயம் தனக்குத் தெரியும் என்றார். தான் இருப்பது உதவித் துறை. பவுடர் ஒப்பந்தம் போட்டது வர்த்தகத் துறை. இரண்டும் வேறு வேறு கட்டடம். இங்கே பசு கொடுத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அது அவர்கள் வேலை இல்லை என்றார். இதை மொழிபெயர்ப்பாளப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"நீங்க சொன்னது முக்கியம்னு சொல்றாங்க. ஆனா அறிக்கையில எழுத ஆதாரம் வேணுமாம். போன்ல வந்த உத்தரவு, அதுக்குக் காகிதம் ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப இந்தப் பதிவேடு ஒண்ணுதான் எழுத்துல இருக்கு. இது பொய்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா அவங்க அதை வெச்சுக் கேள்வி கேட்க முடியுமாம். சாயங்காலம் வரைக்கும் விருந்தினர் மாளிகையிலதான் இருப்பாங்க."

வாசலில் மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் பதிவேட்டை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டு, கையை ஒருதரம் அழுத்திவிட்டுப் போனார்.

மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். 'கீழே கையொப்பமிட்டுள்ள நான்' என்று தொடங்கி ஒரு பக்கம் வந்தது. எட்டு மாதமாக நான் எழுதிய அளவுகள் பொய் என்று தன் கையால் எழுதி, அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தாள். இதைக் காட்டி நாளைக்கே போலீஸில் கொடுத்தால், உத்தரவு போட்டவன் பெயருக்கு ஏது சாட்சி? கையெழுத்து அவளுடையதுதானே. புருஷன் படித்துவிட்டு, "உனக்குச் சரின்னு பட்டதைச் செய். வேலை போனா போகட்டும்" என்றார். போகாதே என்று அவர் தடுத்திருந்தால் வீம்புக்காவது அவள் போயிருப்பாள் போல. விருந்தினர் மாளிகை கூப்பிடுகிற தூரம்தான். மூன்று மணிக்குத் தலை வாரிக்கொண்டாள். நான்கு மணிக்குக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஐந்து மணிக்குச் சாயங்காலப் பால் நேரம் வந்துவிட்டது என்று நிலையத்துக்குப் போனாள். கார்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போவதை அறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஏன் கொடுக்கவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுப் பார்த்தாள். பயம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை.

அறிக்கை ஐந்து மாதம் கழித்து வந்தது. மொழிபெயர்த்த இரண்டு பக்கத்தை மேனேஜர் அவளிடம் படிக்கக் கொடுத்தார். கட்டடம் நன்றாக இருக்கிறது, கருவிகள் ஓடுகின்றன. ஆனால் பதிவேட்டின்படி பாலின் தரம் தொடர்ந்து இறங்கியிருக்கிறது. உற்பத்தியாளர்களான பெண்களுக்குத் தீவனம் பற்றிய அறிவும் சுத்தமும் போதவில்லை. அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். அடியில் சின்ன எழுத்தில், இறக்குமதிப் பவுடரின் விளைவைத் தனியாக ஆராய்வது நல்லது என்று ஒரு வரி இருந்தது. அதை யார் எழுதியிருப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த அம்மாள் இப்போது எங்கே என்று கேட்டாள்.

"அந்த நாட்டுல உதவித் துறையையே எடுத்துட்டாங்களாம்மா. வர்த்தகத் துறைக்குள்ள சேர்த்துட்டாங்க. அவங்களுக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிட்டாங்களாம்" என்றார் மேனேஜர். "இதுதான் கடைசி. பயிற்சி மூணு நாள், அதோட சரி."

அதற்குள் டேங்கர் வருவது நின்றிருந்தது. தொட்டியின் குளிரூட்டியை நிறுத்தி மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். எழுபது பெண்களில் ஒன்பது பேரிடம்தான் பசு மிச்சம். மற்றவர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். நாத்தனார் இரண்டையும் ஒரே நாளில் விற்றாள். இறைச்சிக்கு வாங்குகிற ஆள் வண்டி கொண்டுவந்து ஏற்றினான். ஏற்றும்போது அவள் வீட்டுக்குள் இருந்தாள், வெளியே வரவில்லை என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள்.

பயிற்சியைத் தொட்டி இருந்த கூடத்திலேயே நடத்தினார்கள். நகரத்திலிருந்து ஓர் இளைஞர் படம் போட்டுக் காட்ட வந்தார். உள்ளூர்ப் பயிற்சியாளர் என்று டிகிரி அக்காவின் மேலங்கியில் ஓர் அட்டை குத்தினார்கள். பட்டியலில் பெயர் இருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் வந்தார்கள், வராவிட்டால் நாளைக்கு வேறு ஏதாவது திட்டம் வந்தால் தங்கள் பெயரை விட்டுவிடுவார்களோ என்று. கறப்பதற்கு முன் மடியைக் கழுவுவது எப்படி என்று அவள் சொல்லிக் காட்டினாள். ரப்பரில் செய்த மடி ஒன்று இருந்தது. மாடு இல்லாதவர்கள் வரிசையாக வந்து அதைக் கழுவித் துடைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். நாத்தனாரும் வந்து கழுவினாள். பழகிய கை, மூன்று விரலில் அவ்வளவு பதமாகத் துடைத்தாள்.

மூன்றாம் நாள் எல்லோரும் போன பிறகு டிகிரி அக்கா அவளை நிறுத்தினாள். நின்றபடியே சொல்லிவிட்டாள், ஒன்றையும் மறைக்கவில்லை. உன் பாலில் ஒருநாளும் குறை இல்லை, நாலு வரைகூடப் போயிருக்கிறது, நான்தான் மாற்றி எழுதினேன், நிலையம் மூடிவிடக்கூடாதே என்று செய்தேன் என்றாள். அடிப்பாளோ, காறித் துப்புவாளோ என்று எதிர்பார்த்து நின்றாள்.

நாத்தனார் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"வேலை போயிடும்னு பயந்தீங்க, அது எனக்குப் புரியுது அண்ணி" என்றாள். "ஆனா முதல் வாரமே என் காதுல மட்டும் ஒரு வார்த்தை போட்டிருந்தா, நான் டீக்கடைக்கு ஊத்தியிருப்பேன். வீடு வீடாப் போய் ஊத்தியிருப்பேன். ஒரு மாட்டையாவது வெச்சிருப்பேன். அன்னைக்கு வாயாடினேனே தவிர, போகப்போக என் மாட்டுப் பால் நல்லாயில்லைன்னு நானே நம்பிட்டேனே. நல்லாயில்லாததை எப்படி இன்னொருத்தர்கிட்ட விக்கிறதுன்னு கீழே கொட்டினேன் அண்ணி, எட்டு மாசம்."

அது டிகிரி அக்காவுக்கு ஒருநாளும் தோன்றாத விஷயம். மூடிவிடுவார்கள், வேலை போய்விடும் என்றெல்லாம் எத்தனை விதமாக யோசித்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்வார்கள் என்பது மட்டும் அவள் மண்டையில் ஏறவே இல்லை. கொட்டிய பாலைப் பற்றி அவளுக்குத் தெரியவும் தெரியாது. நாத்தனார் வருகைப் பதிவுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பயிற்சிக்காகக் கொடுத்த துணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நிலையத்தை மூடினார்கள். ஜெனரேட்டரை வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள்; புருஷன் ஒரு துணிக் கிடங்கில் காவலுக்குச் சேர்ந்தார். மேனேஜர் தன்னால் ஆனது என்று டிகிரி அக்காவை நகரத்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் சேர்த்துவிட்டார். அங்கே பவுடர் கரைத்த பாலைப் பார்க்கவேண்டும். தினம் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். அளவு என்றைக்கும் மூன்றரை. கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. திருப்பி அனுப்ப எதிரே ஒருவரும் நிற்பதில்லை. அங்கே அவளை யாரும் டிகிரி அக்கா என்று கூப்பிடுவதும் இல்லை.

நாத்தனார் வேறொரு ஊரில் ஒரு வீட்டோடு தங்கி வேலை செய்யப் போனாள். பெண்ணை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள், வேறு யாரிடம் விடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் போனுக்குக் கூப்பிடுவாள். அவரோடு பேசுவாள், பெண்ணோடு பேசுவாள், வைத்துவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கிடங்கிலிருந்து இன்னும் திரும்பவில்லை, போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். பெண் குளித்துக்கொண்டிருந்தது. மணி அடித்து அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தபோது டிகிரி அக்கா எடுத்தாள்.

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சாப்பிட்டாளா?" என்றாள் நாத்தனார்.

"இப்பதான் குளிக்கப் போனா. குளிச்சதும் சாப்பிடுவா."

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.